வேலையை விடச் சொன்னால் விடாதீர்கள்: வீட்டிலும் வேலைத்தலத்திலும் வன்முறையை எதிர்கொள்ளும் வன்னிப் பெண்களின் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நீதிமன்ற வாசல்களில் பெண்களுக்குத் துணையாகப் போய் நின்று பழகியவள் நான். சட்டத்தரணி இல்லை. தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளை, முன்பள்ளி ஆசிரியை, கடையில் பில் போடுகிறவர், முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றப் போகிறவர் என்று பலர் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சொற்கள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாருக்கும் அடியில் இருக்கும் பயம் ஒன்றுதான்: "இதை வெளியில சொன்னால் வேலை போயிடுமோ?"

மனிசன் அடிக்கிறது வீட்டு விஷயம். அதுக்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

காலையில் அடையாள அட்டையை ஒளித்துவைக்கிறார், அதனால் கம்பனி பஸ்ஸை விடுகிறீர்கள். தைக்கிற நேரத்தில் இருபது தடவை போன் அடிக்கிறார். சம்பளம் விழுகிற நாளில் வங்கி அட்டை அவருடைய பொக்கெட்டில். பின்னேரம் கேட்டடியில் குடித்துவிட்டு நிற்கிறார். இதெல்லாம் உங்களை வீட்டுக்குள் இருத்துவதற்கான வழி. கையில் சம்பளம் இருக்கிற பெண் திரும்பிப் போகமாட்டாள் என்பது அடிக்கிறவருக்குத் தெரியும். ஆகவே முதலில் கை வைப்பது வேலையில்தான்.

சட்டமும் இதை வீட்டுக்குள் விட்டுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வேலைத்தலத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அடியும் காயமும் மட்டும் வன்முறை இல்லை, மிரட்டலும் மனதை நோகடிக்கும் கொடுமையும்கூட அதற்குள் வரும்.

அவர் என் வேலைத்தலத்துக்கு வராமல் தடுக்க முடியுமா?

முடியும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க வேண்டும். நீங்கள் இருக்கிற இடத்துக்கோ, தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்துக்கோ, அவர் இருக்கிற இடத்துக்கோ, சம்பவம் நடந்த இடத்துக்கோ உரிய நீதிமன்றமாக இருந்தால் போதும். புதுக்குடியிருப்பில் அடி வாங்கி வவுனியாவில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறவர் வவுனியாவிலேயே விண்ணப்பிக்கலாம். நீங்களே கேட்கலாம், உங்கள் சார்பில் பொலிசும் கேட்கலாம்.

உடனடி ஆபத்து என்று நீதவானுக்குப் பட்டால் அன்றைக்கே இடைக்காலக் கட்டளை தரலாம். விசாரணை 14 நாளுக்குள் வைக்கப்பட வேண்டும். விசாரித்தபின் தரும் கட்டளை 12 மாதம் வரை செல்லும், தேவை என்றால் நீட்டிக்கவும் கேட்கலாம்.

விண்ணப்பம் எழுதும்போது பலர் விடுகிற பிழை ஒன்று உண்டு. "அடிக்கக் கூடாது, வீட்டுக்கு வரக் கூடாது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலைத்தலத்துக்கு வரக் கூடாது, பின்தொடரக் கூடாது, போனிலோ ஆட்கள் மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது, எனக்கு உதவுகிற உறவினரையும் சிநேகிதிகளையும் தாக்கக் கூடாது என்பனவற்றையும் கேளுங்கள். சட்டம் இவை எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. கேட்காததை நீதவான் தானாக நினைத்துத் தருவார் என்று இருக்காதீர்கள். வேலைத்தலத்தின் பெயரையும் முழு முகவரியையும் எழுதுங்கள். கம்பனி பஸ் ஏறுகிற சந்தியையும் குறிப்பிடுங்கள், முக்கால்வாசிப் பிரச்சினை நடப்பது அங்கேதான்.

கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். இன்றைய விலைவாசிக்கு அந்தத் தண்டம் ஒரு பகிடி. சிறைக்குப் போக வேண்டிவரும் என்ற பயம்தான் ஓரளவுக்குக் கட்டிப்போடும்.

நாங்கள் பதிவு எழுதவில்லை. 2009க்கு முந்தின கலியாணம், கடதாசி எல்லாம் இடப்பெயர்விலே போட்டுது. எனக்கு இந்தச் சட்டம் வருமா?

வரும். கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்கிறவர் எல்லாரும் இந்தச் சட்டத்துக்குள் அடக்கம். பதிவு இல்லாதபடியால் "நீ என்ர மனிசியே இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. மாமனார், மாமியார், உங்கள் சொந்த அண்ணன், தகப்பன், சித்தப்பா போன்றவர்களுக்கு எதிராகவும் கேட்கலாம். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடும் இந்தச் சட்டத்தில் இல்லை. வவுனியா, மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் "எங்களுக்குக் காதி நீதிமன்றம்தானே" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். விவாகரத்து வேறு, பாதுகாப்புக் கட்டளை வேறு.

சேர்ந்து வாழவில்லை. காதலித்து விட்டுவிட்டேன். இப்போது வேலை முடிகிற நேரம் கேட்டடியில் வந்து நிற்கிறான்.

அப்படியானால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஆனால் கை கழுவ வேண்டியதில்லை. மிரட்டுவது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது அதே கோவையின் 345ஆம் பிரிவில் வருகிறது. பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். படத்தைப் போடுவேன் என்று மிரட்டியிருந்தால் அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். வெட்கத்தில் முதலில் அழிப்பது அதைத்தான், பிறகு கைக்கு ஆதாரம் ஒன்றும் மிஞ்சாது.

கட்டளை கிடைத்துவிட்டது. அதை முதலாளிக்குக் காட்ட வேண்டுமா? அவமானமாக இருக்கிறது.

காட்ட வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை. காட்டினால் நல்லது என்பது என் எண்ணம். கட்டளைப் பிரதி பொலிசுக்குப் போகும், உங்கள் கேட் செக்கியூரிட்டிக்குப் போகாது.

பரந்தன் முல்லைத்தீவு வீதியோரத்து வேலைத்தலம் ஒன்றில் நான் கண்டது: செக்கியூரிட்டி ஐயா அறுபது வயதுக்காரர். "புருசன் மனிசி பிரச்சினையிலே நான் என்னெண்டு தலையிடுறது, அம்மா?" என்று கேட்டார். அதில் நியாயமும் இருந்தது. அடுத்த நாள் நீதிமன்ற முத்திரை தெரிகிற பிரதியை அந்தப் பெண் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐயா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, கேட் கொப்பியின் உள்பக்க மட்டையில் செலோட்டேப்பால் ஒட்டிவைத்தார். பிறகு அந்த ஆள் வந்தபோது அவர் குடும்பப் பிரச்சினை ஒன்றும் பேசவில்லை. "கோட்ஸ் ஓடர் இருக்கு தம்பி, பொலிசுக்கு அடிக்கிறன்" என்றார், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை. எச்.ஆரில் ஒருவர், உங்கள் லைன் லீடர், கேட். இந்த மூன்று பேர் போதும். பிரதியில் உங்களுக்குத் தேவையில்லாத விபரம் இருந்தால் கட்டளைப் பக்கத்தை மட்டும் கொடுங்கள்.

நீதிமன்றத் தவணைக்கும் பொலிசுக்கும் வைத்தியசாலைக்கும் அலைய லீவு தருவார்களா?

வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்று தனி லீவு நம் நாட்டுத் தொழிற்சட்டத்தில் இல்லை. உள்ளதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கடை, அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக்கு 14 நாள் வருட லீவும் 7 நாள் கசுவல் லீவும் உண்டு. சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும் கசுவல் லீவு எடுக்கலாம். நீதிமன்றத் தவணை சொந்த அலுவல்தான், அதற்குமேல் விளக்கம் எழுத வேண்டியதில்லை. அரச ஊழியருக்குத் தாபன விதிக்கோவைப்படி 21 நாள் அமைய (கசுவல்) விடுமுறையும் 24 நாள் ஓய்வு விடுமுறையும் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகள் சம்பளச் சபைகள் சட்டத்துக்குக் கீழ் வருகின்றன. அங்கே வருட லீவுக்கு வெளியே கிடைப்பது பெரும்பாலும் கம்பனியின் சொந்த விதிதான். நியமனக் கடிதத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். வாங்கிய நாளில் மடித்து அலுமாரியில் வைத்ததோடு சரி, திரும்பப் பார்த்தவர் குறைவு.

தவணைத் தினம் தெரிந்த அன்றே எழுதிக் கொடுங்கள். முடிந்து வந்ததும் அடுத்த தவணைத் துண்டை அல்லது வைத்தியசாலைச் சிட்டையைக் கொடுத்து, ஒரு பிரதியில் "கிடைத்தது" என்று கையெழுத்து வாங்குங்கள். போனில் சொல்லி எடுத்த லீவு, மாதம் கழிய "சொல்லாமல் நின்றவர்" என்று மாறிவிடும்.

"உன்னாலே கம்பனிக்குப் பிரச்சினை, நீயே விலகிப் போ" என்கிறார்கள். என்ன செய்வது?

எழுதிக் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. வேலைத்தலத்தின் பெயர் வேண்டாம். மூன்று வருடம் ஒரே லைன். அவளுடைய கணவர் மூன்று தடவை கேட்டுக்கு வந்து சத்தம் போட்டார், மூன்றாம் தடவை பஸ் கண்ணாடிக்குக் கல் எறிந்தார். அடுத்த நாள் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். நல்லாகத்தான் பேசினார்கள். பிளேன்ரீ கொடுத்தார்கள். "பிரச்சினை முடியட்டும் தங்கச்சி, திரும்ப எடுக்கிறம், இப்போதைக்கு ஒரு கடிதம் தாங்கோ" என்று வெள்ளைத் தாளும் பேனையும் நீட்டினார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: "எனது சொந்தக் காரணங்களினால் இன்று முதல் வேலையிலிருந்து விலகுகின்றேன்." அச்செழுத்துப் போல அழகான கையெழுத்து அவளுக்கு. என்னிடம் அந்தப் பிரதியைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்கு வாயடைத்துப்போனது. யாரும் அவளை நிறுத்தவில்லை, அவளே போனாள் என்று அந்த ஒரு வரி சொல்கிறது. பிறகு யாரும் அவளை எடுக்கவுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடத்தில், முந்திய 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். எழுத்துச் சம்மதத்துக்கு ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று இப்போது விளங்கும். கணவன் கல் எறிந்தது உங்கள் ஒழுக்கக்கேடு ஆகாது.

"யோசிச்சுச் சொல்றன், வீட்டிலே கேட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள். அன்றைக்கே திகதி, நேரம், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த நாள் வழமைபோல வேலைக்குப் போங்கள். கேட்டில் மறித்தால் "வேலைக்கு வந்தேன், மறிக்கப்பட்டேன்" என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அப்புறம் மாவட்டத் தொழில் அலுவலகம்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு, அதாவது வேலை நிறுத்தல் வழக்குகளை விசாரிக்கிற இடத்துக்குப் போகலாம். கட்டாயப்படுத்தி எழுதுவித்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். கடினம், ஆனால் வழக்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறு மாதம் கடந்தால் அந்தக் கதவு பூட்டிவிடும். "சித்திரை வருசம் முடியட்டும், பிள்ளையின்ரை சோதினை முடியட்டும்" என்று இருந்து நாள் போனவர்கள் நிறையப் பேர்.

தொந்தரவு தருவதே சுப்பவைசர்தான். யாரிடம் சொல்வது?

1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாலியல் தொந்தரவு 345ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் வேலைத்தலத்திலோ வேறு இடத்திலோ சொல்லாலும் செயலாலும் விரும்பாத பாலியல் அணுகுதல் செய்தால் அதுவும் இந்தக் குற்றமே என்று அந்தப் பிரிவின் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை. "ஓவர்டைம் வேணுமெண்டால் பின்னேரம் போன் எடு" என்பதும் போதும்.

இந்தியச் செய்திகளையும் யூடியூப்பையும் பார்த்துவிட்டு "உள்ளகக் குழு எங்கே?" என்று, வேலைத்தலத்துக்குள்ளேயே முறைப்பாட்டை விசாரிக்கிற குழுவைச் சிலர் கேட்கிறார்கள். அது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள வேலைத்தலத்தில் குழு கட்டாயம். இங்கே தனியார் துறைக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. ஏற்றுமதிக்குத் தைக்கிற பெரிய தொழிற்சாலைகளிலும் வெளிநாட்டு நிதியில் இயங்குகிற நிறுவனங்களிலும் சொந்தக் கொள்கையும் முறைப்பாட்டுப் பெட்டியும் இருக்கும், வாங்குகிற கம்பனிகளும் நிதி கொடுக்கிறவர்களும் கேட்பார்கள் என்பதற்காக. இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் பெட்டிக்குள் போட்ட துண்டுக்குப் பிரதி இல்லை. கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிய கடிதத்துக்குத்தான் பெறுமதி.

உள்ளே முறைப்பாடு கொடுத்தால்தான் பொலிசுக்குப் போகலாம் என்று விதி ஒன்றும் கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.

சாட்சி இல்லையே என்று தயங்காதீர்கள். இப்படியான விஷயத்துக்குக் கண்கண்ட சாட்சி எப்போது இருந்தது? அழுதுகொண்டு வந்து சொன்ன சிநேகிதி, அன்றிரவு அக்காவுக்கு அனுப்பிய குரல் செய்தி, கொப்பியில் எழுதிய திகதி எல்லாம் சேர்ந்து பேசும். முறைப்பாடு கொடுத்தவரையோ சாட்சியையோ மிரட்டுவது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது.

அரச அலுவலகத்தில் ஒருவர். கையெழுத்துப் போட "தனியாக வா" என்கிறார்.

வன்னியில் இது பழைய கதை. வீட்டுத்திட்டம், காணி, வாழ்வாதாரக் கடன், சம்பள நிலுவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்துத் தேவை. ஆண் துணை இல்லாத வீடு என்று தெரிந்தால் சிலருடைய பேச்சு மாறும். இதற்கு இப்போது பெயர் இருக்கிறது: பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இதையும் இலஞ்சமாகவே பார்க்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. காசு கேட்டால் முறையிடுவதுபோலவே இதற்கும் முறையிடலாம்.

நீங்களே அரச ஊழியராக இருந்தால் திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள், தலைவரே ஆள் என்றால் அவருக்கு மேலுள்ளவருக்கு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்துக்கும் போகலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம், அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இது அரசுக்கு எதிரான முறைப்பாட்டுக்கு மட்டும். தனியார் முதலாளிக்கு இந்த வழி இல்லை.

பொலிசில் சிங்களத்தில் எழுதுகிறார்கள். அல்லது இணக்க சபைக்குப் போகச் சொல்கிறார்கள்.

வடக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. "தமிழிலே எழுதுங்கோ" என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால் காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். வாசித்துக் காட்டாமல், விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "அறைந்தார்" என்று சொன்னது "ஏசினார்" என்று எழுதப்பட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எழும்பாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவு என்று ஒரு மேசை இருக்கும், அங்கே கேளுங்கள்.

இரு பக்கத்தையும் இருத்திப் பேசிச் சமரசம் செய்கிற இணக்க சபை வேலிப் பிரச்சினைக்கும் கடன் பிரச்சினைக்கும் நல்லது. உயிருக்குப் பயந்து வந்தவளை அடித்தவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, "பிள்ளைகளுக்காகச் சேர்ந்து இருங்கோ" என்று சொல்வதற்கு அல்ல. நீங்கள் பாதுகாப்புக் கட்டளை கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதை நீதவான்தான் தர முடியும். பொலிஸ் அசையவில்லை என்றால் சட்டத்தரணி மூலமோ சட்ட உதவி ஆணைக்குழு மூலமோ நேரே நீதிமன்றம் போகலாம்.

பாலியல் வன்முறை நடந்து சில மணித்தியாலம்தான். முதலில் எங்கே போவது?

வைத்தியசாலைக்கு. பொலிசுக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும் என்று இல்லை. வைத்தியசாலையிலேயே பொலிஸ் காவலரண் இருக்கும், சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். குளிக்காமல் போனால் நல்லது. உடுப்பை மாற்றியிருந்தால் அதைப் பொலித்தீனில் போடாமல் காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, அப்போதும் போங்கள். கருத்தரிக்காமல் இருக்கவும் எச்.ஐ.வி தொற்றாமல் இருக்கவும் கொடுக்கும் மருந்துகளை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.

அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்ற பெயரில் ஒரு சிறிய பிரிவு நடத்துகிறார்கள். சிங்களத்தில் மிதுறு பியச. வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் காட்டுவார்கள். கதவில் வன்முறை என்று எழுதியிருக்காது, ஆகவே உள்ளே போவதைப் பார்த்து யாரும் ஊகிக்கவும் முடியாது.

கணவனே வன்புணர்ந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். நீதிமன்றம் மூலம் பிரிந்திருந்தால் தவிர, அதைச் சட்டம் வன்புணர்வாக எடுப்பதில்லை. நம் சட்டத்தின் பெரிய ஓட்டை இது. ஆனால் காயப்படுத்துவதும் மிரட்டுவதும் குற்றம்தான், பாதுகாப்புக் கட்டளைக்கும் அது போதும்.

என் பெயர் முகநூலில் வந்துவிடுமா?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுகிறமாதிரி அனுமதியின்றி வெளியிடுவது குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. பாதுகாப்புக் கட்டளை வழக்குகளிலும் பெயர் வெளியிடத் தடை உண்டு. இருந்தும் நம் ஊர்ச் "செய்தி" முகநூல் பக்கங்கள் "கிளிநொச்சியில் பரபரப்பு" என்று ஊர், வயது, வேலைத்தலம் எல்லாம் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் மறைக்கும். அதுவும் அடையாளம் காட்டுவதுதான். திகதி தெரிகிறமாதிரி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு முறையிடுங்கள். வேலைத்தல வட்சப் குழுவில் யாராவது பகிர்ந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

நான் கூலி வேலை. களை பிடுங்குவேன், கருவாடு காயப்போடுவேன். நியமனக் கடிதமே இல்லை.

வேலை நிறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் 345ஆம் பிரிவுக்கு நியமனக் கடிதம் தேவையில்லை, பாதுகாப்புக் கட்டளைக்கும் தேவையில்லை. வயலும் கருவாட்டு வாடியும் வேலைத்தலம்தான். கிழமைக் கடன் அறவிட வீட்டு வாசலுக்கு வந்து வேறு விதமாகப் பேசுகிறவருக்கும் அதே பிரிவுதான்.

சம்பளம் அவருடைய கையில்தான் போகிறது. சேமலாப நிதியும் அவர் பெயரில்தான் எழுதியிருக்கிறேன்.

புதிய வங்கிக் கணக்கு ஒன்றை உங்கள் பெயரில் மட்டும் திறந்து, இலக்கத்தை எழுத்தில் கணக்குப் பிரிவுக்குக் கொடுங்கள். அடுத்த மாதச் சம்பளம் அங்கே விழும். பழைய அட்டையை அவரிடமே விட்டுவிடுங்கள், சண்டை பிடித்து வாங்கப் போகாதீர்கள். வங்கிக் கடிதங்களும் குறுஞ்செய்தியும் எந்த முகவரிக்கு, எந்தப் போனுக்கு வருகின்றன என்பதையும் மாற்றுங்கள்.

ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் போடுகிறார்கள், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.ரி.எப்) முதலாளி இன்னும் 3 வீதம். நீங்கள் இருக்கும்வரை அது உங்களுடையது, கணவர் போய்க் கேட்டு எடுக்க முடியாது. நீங்கள் இறந்தால்தான் பெயர் குறித்தவருக்குப் போகும். அந்தப் பெயரை மாற்றலாம், படிவத்தை எச்.ஆரிலோ தொழில் அலுவலகத்திலோ கேளுங்கள். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடிந்திருந்தால் விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று பணிக்கொடையும் உண்டு. நாலு வருடம் பத்து மாதத்தில் விலகச் சொல்கிறார்கள் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லை. யாரிடம் தொடங்குவது?

சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும். எங்கே இருக்கிறார்கள் என்று நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்கள். கிராம அலுவலர் உங்கள் கணவரின் சிநேகிதர் என்றால் அவரைத் தாண்டி நேரே அங்கே போங்கள். மகளிர் உதவி இலக்கம் 1938, அவசரத்துக்குப் பொலிஸ் 119.

போகும்போது அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சி, நியமனக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சிட்டை, வைத்தியசாலைத் துண்டுகள், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், திகதி எழுதிய கொப்பி. அட்டையை அவர் எரித்துவிட்டால் பொலிசில் அதற்கும் ஒரு முறைப்பாடு எழுதி, அந்தத் துண்டோடு போங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேலைத்தல லொக்கரிலோ நம்பிக்கையான சிநேகிதி வீட்டிலோ வையுங்கள். தவணை நாளில் காலை ஒன்பது மணிக்கு முன்னம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும், துணுக்காய் போன்ற உள் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் சரி. அவரும் அதே பஸ்ஸில் ஏறக்கூடும் என்றால் முதல் நாளே ரவுணுக்கு வந்து தங்கிவிடுங்கள்.